நூற்று நாற்பதாவது சிலுவை

வெந்தா சலாதா,
ஸ்பெயின்,
12 பிப்ரவரி 1998

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

லாலி அக்கா எழுதுகிறேன். நானும் பிளாஸும் சுகம். குளிர் வந்தால் என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் காது எப்படி இருக்கிறது? போனில் உன்னிடம் கத்திக் கத்தி, பக்கத்து வீட்டு ஹசிந்தாவுக்கு நம் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. கடிதமே மேல். ஒதீலுக்கு என் அன்பைச் சொல்.

இங்கே ஒரு செய்தி. போன செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு நெட்டையன் வந்து நின்றான். இத்தாலிக்காரன். பெயர் லிவியோ. ஃபெராராவில் மருந்துக்கடை வைத்திருக்கிறானாம்.

"அம்மா, ஒரு மண்வெட்டி கிடைக்குமா?"

"எதுக்குப்பா? ஆலிவ் நடப் போறியா?"

"இல்லம்மா. கல்லறை தோண்டணும்."

பிளாஸ் கையிலிருந்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அறுபத்தெட்டில் கழுதைப் பள்ளத்தில் எடுத்தார்களே ஒரு கௌபாய் படம், 'தங்கத்துக்கு வழி கேட்டவன்', அதன் ரசிகர்கள் இவர்கள். ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். அறுபது தடவை படம் பார்த்தவனைக் கத்துக்குட்டி என்று கேலி செய்கிறார்கள். கடைசிக் காட்சியில் வரும் கல்லறைத் தோட்டம் மண்ணுக்குள் போய்விட்டதல்லவா? அதைக் கிளறி எடுத்து, நூற்று நாற்பது சிலுவையையும் புதிதாகச் செய்து பழையபடி நட்டு, இந்த நவம்பரில் அனைத்துப் புனிதர் திருநாளில் முப்பதாம் வருடம் கொண்டாடப் போகிறார்களாம். மண்வெட்டி போடும்போது அந்தப் பாட்டை வாயாலேயே வாசிக்கிறார்கள். ஒருவன் டிரம்பெட், ஒருவன் கோவில் மணி, மற்றவர்கள் 'ஓ ஓ' என்று கோரஸ். எல்லோரும் ஒரே மாதிரி பனியன். பனியனில் ஒரு வெறும் சிலுவை, பெயரே இல்லாதது. படத்தின் கடைசியில் டிரம்பெட் தனியாக ஒலிக்க, கேமரா அந்தச் சிலுவையையே பார்த்துக்கொண்டு நிற்குமே, அதுதான்.

'அங்கே எழுத்து எழுதினது என் தம்பிதான், என் சித்தப்பா மகன்' என்றேன். லிவியோ என் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் கேட்டது ஒன்றுதான். "பழைய பேரையே எழுதுவீங்களா?"

"ஒரு எழுத்து மாறாதும்மா."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அப்பாவின் பெயர் மறுபடியும் நிற்கப் போகிறது, ஃபெர்மின். உள்நாட்டுப் போர் முடிந்ததும் முப்பத்தொன்பதில் இந்த ஊரிலிருந்து ஜெயித்தவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பதினோரு பேருக்கும் வேறு எங்கே கல்லறை இருக்கிறது? சுட்டுவிட்டு எந்தப் பள்ளத்தில் போட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. உன் அறுபத்தெட்டுக் கடிதத்தை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 'பதினோரு பேரையும் எழுதிவிட்டேன் அக்கா, பெரியப்பாவையும்தான்' என்று இருக்கிறது. எந்த இடம் என்று இல்லை. மறுவருடம் நான் பார்சிலோனாவிலிருந்து லீவில் வருவதற்குள் காற்று பாதியையும் ஊர் பாதியையும் கொண்டுபோய்விட்டது. ஹசிந்தாவின் கோழிக்கூட்டுக் கதவில் 'இங்கே உறங்குகிறார்' என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

எந்த வரிசை, எத்தனையாவது? உடனே எழுது.

உன் லாலி

*

முலூஸ்,
பிரான்ஸ்,
5 மார்ச் 1998

அன்பு அக்காவுக்கு,

ஃபெர்மின் வணக்கம். நானும் ஒதீலும் நன்றாக இருக்கிறோம். காதில் இப்போது மில்லின் பழைய தறிச்சத்தம்கூடக் கேட்பதில்லை, அந்த வரைக்கும் நிம்மதி. பிளாஸ் மாமாவின் இரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்.

உன் இத்தாலிக்காரர்களை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவர்களுக்கு என்ன வேண்டுமோ கேட்கச் சொல், எல்லாம் எழுதுகிறேன். அந்தப் படத்தில் பாட்டுதான் முதலில் வந்தது, தெரியுமா? கேமரா வரும் முன்பே டேப்பில் பாட்டு வந்துவிட்டது. வசனத்தையெல்லாம் பிறகு ரோமில் வேறு ஆட்களை வைத்துப் பேசிக்கொள்வார்களாம், அதனால் படப்பிடிப்பில் யார் என்ன சத்தம் போட்டாலும் கவலை இல்லை. கொள்ளைக்காரனாக நடித்த நம் ஊர்க் கொல்லன் சாகும்போது, 'மத்தியானம் கொண்டைக்கடலைக் குழம்புன்னு சொன்னீங்களே, எங்கடா?' என்றுதான் அலறினான். படத்தில் அது கடவுளிடம் மன்னிப்பாக வருகிறது. பெரிய ஒலிபெருக்கி வைத்து டிரம்பெட்டைப் போட்டுவிடுவார்கள். அந்தத் தாளத்துக்கு நடக்க வேண்டும். வழிப்போக்கர் கழுதைகள்கூட அந்த நடைக்கு வந்துவிட்டன. உலகம் அந்தப் பாட்டைக் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே நம் ஊர் அதை முணுமுணுத்துக்கொண்டு மாவு பிசைந்தது.

நான் பெயர்ப்பலகை எழுதிய பேங்க், சலூன், சவப்பெட்டிக் கடை எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் போனால் முட்டுக்கட்டையும் ஆட்டுப் புழுக்கையும். "பின்பக்கம் பெயின்ட் அடிச்சு வீணாக்காத, கேமரா அங்க வராது" என்று உதவி டைரக்டர் கத்துவான். கல்லறைக்கு அவன் தந்த பட்டியலில் இருபது பெயர், நட்டதோ நூற்று நாற்பது. கதை மெக்சிகோ எல்லையில் நடக்கிறது, நம் ஸ்பானிஷ் பெயர்களே செல்லும். முதலில் பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த வாத்தியார்களை எல்லாம் புதைத்தேன். அப்புறம் அல்மேரியா கால்பந்துக் கோஷ்டி. அதுவும் தீர்ந்தபோதுதான் அந்தப் பதினோரு பேர் நினைவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சினிமாச் சிலுவையில் எழுதினால் யார் கேட்பார்கள்?

அந்த வருட அனைத்துப் புனிதர் திருநாளுக்குப் பத்துப் பெண்கள் சாமந்தியும் எண்ணெய் விளக்கும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு வந்தார்கள். சிவில் கார்டு போலீஸ்காரன் ஒருவன் மேட்டில் நின்று, "இன்னுமா உங்க ஷூட்டிங் முடியல?" என்று கேட்டான். காசில்டா கிழவி தலை நிமிராமல், "எங்க சீன் பாக்கி இருக்குதுங்க" என்றாள். அவன் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

லிவியோவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவு.

உன் தம்பி ஃபெர்மின்

*

வெந்தா சலாதா,
30 மார்ச் 1998

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நேற்று மழை, அதனால் மாவை வறுத்து மிகாஸ் கிளறினேன். ஒன்பது இத்தாலிக்காரர்களும் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். பிளாஸுக்கு நீ சொன்ன உப்பு விஷயம் சொன்னேன். உன் மேல் கோபமாக இருக்கிறார்.

உன் கடிதத்தை லிவியோவுக்குப் படித்துக் காட்டினேன். கொல்லன் கதையைக் கேட்டு அழுதே விட்டான். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சாவைப் பார்த்து உருகியவனாம்.

ஆனால் நீ இடத்தைச் சொல்லவில்லை. சரி, மறந்திருப்பாய் என்று நானே தேடினேன். மழையில் வேலை இல்லாததால் லிவியோ வீடியோ பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினான். அறுபத்தொன்பதில் பார்சிலோனா தியேட்டரில் பார்த்தபோது கேமரா சுற்றிய சுற்றில் எனக்குத் தலைதான் சுற்றியது. கண்ணீரோடு என்னத்தைப் பார்த்தேனோ, அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டேன் என்றே நம்பி வந்திருக்கிறேன். இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். டிரம்பெட் தொடங்கியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நூறு தடவை கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் இவர்களுக்கு மூச்சு நிற்கிறது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன்.

லிவியோ ஒரு நோட்டு வைத்திருக்கிறான். படத்திலுள்ள பிழைகளுக்கு என்று தனிப் பக்கம். கொள்ளைக்காரன் கையில் வாட்ச் தெரிவது, வானத்தில் விமானம் போட்ட கோடு. இருபத்து மூன்றாம் பிழை, கடைசி ஷாட்டில் அந்த வெறும் சிலுவைக்குப் பின்னால் தூரத்து மேட்டில் யாரோ ஒருத்தி கூடையோடு நடந்து போவது. இப்படிக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே காதலிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. பிளாஸ் என்னைக் காதலிப்பதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பெயர்களுக்கு வருகிறேன். காசில்டாவின் கணவர் இருக்கிறார். கொல்லனின் அண்ணன் இருக்கிறார். ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்துப் பேர் கிடைத்தார்கள். அப்பா இல்லை. "எல்லாச் சிலுவையும் கேமராவுல விழலம்மா, இருபத்திரண்டு பாக்கி" என்று லிவியோ தேற்றினான்.

இன்னொன்று. பத்துப் பெண்கள் வந்ததாக எழுதியிருக்கிறாய். அம்மா வரவில்லையா? அவள் எதிலும் ஊரோடு ஒட்டாதவள்தான். புருஷன் போனபின் ஒருநாள்கூடக் கறுப்பு உடுத்தாதவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியே. பச்சைப் பாவாடையோடு அவள் கோவிலுக்கு நடக்கும்போது எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருக்கும். ஆனாலும் பூ வைக்கக்கூடவா வரவில்லை?

இடத்தை நினைவுபடுத்திப் பார்.

லாலி

*

முலூஸ்,
24 ஏப்ரல் 1998

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். இங்கே அஸ்பராகஸ் சீசன், ஒதீல் மூன்று வேளையும் அதையே போடுகிறாள். தோட்டத்தில் இரண்டு வரிசை தக்காளி நட்டேன். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது, காதில்தான் கோளாறு என்கிறார் டாக்டர்.

லிவியோவுக்காக அந்த எழுத்து வடிவங்களை வரைந்து அனுப்பியிருக்கிறேன். 'ஜி'யின் வாலை நீட்ட வேண்டாம் என்று சொல். கறுப்பில் கொஞ்சம் காவிமண் கலந்தால்தான் அந்தப் பழைய நிறம் வரும்.

பெரியப்பாவின் இடம் எனக்குச் சரியாக நினைவில்லை. முப்பது வருடம் ஆயிற்றே. மூன்றாம் வரிசையில், அத்திமரத்துக்குப் பக்கத்தில் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் உனக்குப் பிடித்த இடத்தில் வைக்கச் சொல். எல்லாம் ஒரே மண்தானே.

இந்த வருடம் தக்காளி நன்றாக வரும் போலிருக்கிறது.

ஃபெர்மின்

*

வெந்தா சலாதா,
6 மே 1998

தம்பி ஃபெர்மினுக்கு,

உன் தலைச்சுற்றல் கேட்டுக் கவலைப்பட்டேன். டாக்டர் சொன்னதைக் கேள். நாங்கள் சுகம்.

கழுதைப் பள்ளத்தில் அத்திமரம் கிடையாது. அன்றும் கிடையாது. அங்கே எஸ்பார்த்தோ புல்லைத் தவிர எதுவும் முளைக்காது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேள். அந்தப் படத்துக்கு ஸ்டில் எடுத்த போட்டோக்காரரின் மகளை லிவியோ எப்படியோ தேடிப் பிடித்துவிட்டான். சட்டம் சட்டமாகப் படம் அனுப்பியிருக்கிறாள். பூதக்கண்ணாடி வைத்து நாங்கள் இருவரும் நான்கு நாள் உட்கார்ந்தோம். நூற்று நாற்பது சிலுவையும் கணக்காகிவிட்டது. நூற்று முப்பத்தொன்பதில் பெயர் இருக்கிறது. ஒன்று வெறுமை, எல்லோரும் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிற அதே சிலுவை. செரஃபீன் கால்வெஸ் எங்கும் இல்லை.

லிவியோ அந்த வெறும் சிலுவையைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறானாம். சாவு யாருக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் டைரக்டரின் கேள்வி என்கிறான். இருக்கட்டும். நான் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நீ எழுதினாயா இல்லையா?

எனக்கு வயது அறுபத்தொன்று. அவருக்கு இருபத்தாறு. என் அப்பா எனக்கு மகன் வயதுக்காரராகிவிட்டார். அவர் பெயர் நின்ற ஒரே இடம் அந்தப் பள்ளம் என்று நம்பி முப்பது வருடம் இருந்துவிட்டேன். அந்தப் படத்தை டிவியில் போடும்போதெல்லாம் கடைசிக் காட்சிக்கு எழுந்து நிற்பேன். பிளாஸ் சிரிப்பார், நான் கவலைப்பட்டதில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. தக்காளிக் கதை வேண்டாம்.

லாலி

*

முலூஸ்,
2 ஜூலை 1998

அன்பு லாலி அக்காவுக்கு,

ஒதீல் எழுதுவது. என் ஸ்பானிஷ் தப்பும் தவறுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் நலமா? இவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் சமையலறை மேஜையில் தாளோடு உட்காருகிறார். 'அன்பு அக்காவுக்கு' என்று எழுதுகிறார். பிறகு தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அதே தொடக்கத்தோடு பதினேழு தாள் என்னிடம் இருக்கிறது. "ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்கிறார், யாருக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் கோபத்தில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

ஒதீல்

*

முலூஸ்,
19 ஜூலை 1998

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். ஒதீல் எழுதியது எனக்குத் தெரியும், தபால்தலை ஒன்று குறைந்தது.

நான் எழுதினேன், அக்கா. பிறகு துடைத்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பதினோரு பெயரையும் முந்தின நாளே எழுதி முடித்து, அன்று ராத்திரியே உனக்குக் கடிதம் போட்டுவிட்டேன். அந்தக் கடிதம் எழுதும்போது அது பொய் இல்லை. மறுநாள் மத்தியானம் பெரியம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், கூடையில் உருளைக்கிழங்கு ஆம்லெட். வந்தவள் நேராகப் பெரியப்பாவின் சிலுவை முன்னால் போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுடா எழுதின?"

"பெரியம்மா, லாலிக்கு எழுதிட்டேன். சந்தோஷப்படுவா."

"அவ ரெண்டு வயசுல அவரைப் பாத்தவ. அவளுக்கு அவர் ஒரு பேரு. எனக்கு அவர் வரவேண்டிய ஆளு. நான் என்ன உடுத்தியிருக்கேன் பாரு. பச்சை. இதைக் கட்டிக்கிட்டுத்தான் அந்த லாரி பின்னாடி ஓடினேன், இதே நிறத்துலதான் அவர் என்னைத் தேடி வருவாரு. இருபத்தொம்பது வருஷமா ஊரு ஏசுது, நான் கறுப்பு உடுத்தல. நீ ஒரு டப்பா பெயின்டுல அவரைப் புதைச்சிட்டுப் போயிடுவியா?"

நான் டர்பன்டைன் துணியை எடுத்தேன். கடைசி எழுத்து போகும்வரை அவள் நகரவில்லை. பிறகு சொன்னாள்: "லாலிகிட்ட சொல்லாத. அவளுக்கு ஒரு கல்லறை வேணும்னா இருக்கட்டும். எனக்குத்தான் வேண்டாம்." கூடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

உதவி டைரக்டர் வெறும் சிலுவையைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தில் டைரக்டரே வந்தார். என்ன என்று கையால் கேட்டார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. துணியைக் காட்டினேன், சிலுவையைக் காட்டினேன், மேட்டில் போகிற பெரியம்மாவைக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கொஞ்சநேரம் அவளையே பார்த்தார். திரும்பி, டிரம்பெட் டேப்பை முதலிலிருந்து போடச் சொன்னார். கேமராவை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

லிவியோவின் இருபத்து மூன்றாம் பிழை பெரியம்மாதான், அக்கா.

அவள் தொண்ணூற்றொன்றில் போனபோதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கல்லறையை நம்பிக்கொண்டு இருந்தாய், அதைப் பிடுங்க மனம் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஃபெர்மின்

*

வெந்தா சலாதா,
15 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. பதில் இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் முழங்கால் இல்லை.

முதல் ஒரு மாதம் உன் மேல் கோபம். பிறகு அம்மா மேல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவள் காத்திருந்த வீட்டில்தானே நானும் வளர்ந்தேன்? அப்புறம் கோபப்பட ஆள் தீர்ந்து, என்னிடமே வந்து நின்றது. ஃபெர்மின், சாகும் முன்பு அவள், "அந்தப் பச்சைப் பாவாடையிலயே என்னை வைங்க" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. கடைசியிலாவது ஊர் வாய் மூடட்டும் என்று கறுப்பில் வைத்துப் புதைத்தேன். நல்லது செய்ததாக நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

போன வாரம்தான் லிவியோவைக் கூப்பிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவன் டேப்பைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தினான். திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கடுகளவு பச்சை. மேட்டில் ஏறுகிறாள், ஒருதரம் நிற்கிறாள், மறுபடி ஏறுகிறாள். பதினெட்டு வினாடி. அம்மா அப்படித்தான் நடப்பாள், வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. எத்தனையோ தடவை அந்தக் காட்சிக்கு எழுந்து நின்று அப்பாவைத் தேடினேன், அவளைப் பார்க்கவே இல்லை.

லிவியோ நோட்டை எடுத்தான். இருபத்து மூன்றாம் பிழையைக் கோடு போட்டு அடித்தான். "என் மூணு கட்டுரையையும் இதே மாதிரி அடிக்கணும்மா" என்றான். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தான்.

இப்போது இதுதான் பிரச்சினை. சிலுவைகளெல்லாம் நட்டாகிவிட்டது. லிவியோ சொல்கிறான்: "படம் படத்துல பத்திரமா இருக்கு, யாரும் தொட முடியாது. இந்தச் சிலுவை உங்களோடது. பிரஷ் உங்க கையில. அப்பா பேரை எழுதுங்க." அவன் கூட்டத்தில் நான்கு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க அந்த வெறும் சிலுவையைப் பார்க்கத்தான் ஆட்கள் வரப்போகிறார்கள், அதில் எழுதுவதா என்கிறார்கள். அவர்கள் முகத்துக்காக நான் கவலைப்படவில்லை. எனக்கு எழுத வேண்டும். அவர் பெயரை இந்தப் பூமியில் ஒரு இடத்திலாவது என் கண்ணால் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். ஆனால் அம்மா வேண்டாம் என்றாள். ஒருதரம் அவள் பேச்சை மீறியாகிவிட்டது.

நீ என்ன சொல்கிறாய்?

லாலி

*

முலூஸ்,
4 அக்டோபர் 1998

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது பரவாயில்லை. முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், பள்ளத்தில் இறங்கும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொள்.

துடைத்த கை இது. எழுது என்றோ வேண்டாம் என்றோ நான் சொன்னால் நன்றாக இருக்காது. ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். பெரியப்பாவின் பெயர், அன்று எழுதிய அதே அளவு, அதே எழுத்து. ஓரமெல்லாம் ஊசியால் துளை போட்டிருக்கிறேன். மரத்தில் வைத்துப் பிடித்து, கரித்தூளைத் துணியில் கட்டி மேலே தட்டினால் கோடு விழும். அதன்மேல் பிரஷை ஓட்டினால் போதும். வேண்டாம் என்றால் அடுப்பில் போட்டுவிடு, நான் கேட்கமாட்டேன்.

என்னால் வர முடியாது. தலைச்சுற்றலோடு ரயில் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். அன்று டிரம்பெட் யார் வாசித்தார்கள், எப்படி இருந்தது என்று எழுது. சத்தத்தை எழுத முடியாது, எனக்குத் தெரியும். வாசிக்கும்போது ஆட்களின் முகம் என்ன ஆயிற்று என்று எழுது, மிச்சத்தை நானே கேட்டுக்கொள்வேன்.

ஃபெர்மின்

*

வெந்தா சலாதா,
3 நவம்பர் 1998

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

இருவரும் சுகம். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. ஒதீலிடம் சொல், அவள் அனுப்பிய ஜாமை லிவியோ தனியாளாகத் தின்று தீர்த்தான்.

முதலில் டிரம்பெட். வாசித்தது நம் ஊர் பேண்டு இந்தலேசியோ, பேக்கரிக்காரன். அவன் இரண்டாம் அடியில் எப்போதும் ஒருதரம் தடுமாறுவான், அன்றும் தடுமாறினான். பிழை பிடிக்கிற ஒன்பது பேரும் நோட்டைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள், தாடி வைத்தவர்கள், தொப்பியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்கள். பாரிஸிலிருந்தும் ஹாம்பர்கிலிருந்தும் வந்த முந்நூறு பேர் படத்துக்காக அழுதார்கள். ஊர்க்காரர்கள் படத்தில் இல்லாத ஒன்றுக்காக அழுதார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் யார் எதற்கென்று தெரியவில்லை. ஹசிந்தா தன் கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து, "இந்தாங்க, உங்க சாமானை நீங்களே வச்சுக்குங்க" என்று லிவியோவிடம் கொடுத்தாள். அவன் அதற்கு முத்தம் கொடுத்தான்.

அந்தப் பத்துப் பெண்களில் ஒருத்தியும் இப்போது இல்லை. மகள்களும் மருமகள்களும் சாமந்தி கொண்டுவந்தார்கள். நான் அம்மாவின் பச்சைப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திப் போனேன். இடுப்பு ஏறவில்லை, பின்னால் ஊக்கு குத்தினேன்.

டிரம்பெட் முடிந்ததும் லிவியோ பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் என் கையில் கொடுத்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த நான்கு பேரும் பார்த்தார்கள். அந்தச் சிலுவை முன்னால் நின்றேன். தூரத்தில் அதே மேடு. யாரும் நடக்கவில்லை. ஒரு சின்னக் கறை இல்லாமல் இருந்தது அந்த மரம். நீ துடைத்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். அம்மா திருப்தியாகப் பார்த்திருப்பாள்.

அப்போதுதான் நீ எழுதிய அந்த உதவி டைரக்டர் ஞாபகத்துக்கு வந்தான். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

"அம்மா, அந்தப் பக்கம் கேமரா வராதே" என்றான் லிவியோ.

"அதனாலதாம்ப்பா."

கல்லில் முட்டி போட்டேன், அதுதான் இந்த வீக்கம். பிளாஸ் தாளைப் பிடித்துக்கொண்டார், நான் கரித்தூளைத் தட்டினேன். உன் துளைகளெல்லாம் ஒழுங்காக விழுந்தன. செரஃபீன் நேராக வந்துவிட்டது. கால்வெஸ் கொஞ்சம் கீழே சரிகிறது, நீ பார்த்தால் திட்டுவாய். வருடம் எதுவும் போடவில்லை. முன்பக்கம் ஒரு பொட்டு பெயின்ட் படவில்லை. அது அம்மாவுடையது, அவள் அங்கே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கட்டும். எனக்குப் பின்பக்கம் போதும்.

எழுதி முடித்து எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் லிவியோ வந்தான், சிலுவைக்குப் பின்னால். பிறகு அந்த நான்கு பேரும் வந்தார்கள். பிறகு எல்லோரும், ஒருவர் பின் ஒருவராக. முப்பது வருடமாக அந்தச் சிலுவையை முன்னாலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. பூ மட்டும் குவிந்துவிட்டது.

உன் ஊசித் துளைத் தாளைத் தூசி தட்டி பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன், உன் அறுபத்தெட்டுக் கடிதத்தோடு. 'பதினோரு பேரையும் எழுதிவிட்டேன் அக்கா, பெரியப்பாவையும்தான்' என்று அதில் இருக்கிறதே, அது இப்போது பொய் இல்லை. நீ நிம்மதியாக இரு.

உன் அக்கா,
லாலி